சோக் கழற்றிய வண்டி

பிரிஸ்கா அடித்தால் அடி விழுந்த இடம் சிவப்பதோடு நிற்காது, வீங்கிவிடும். எங்கள் ஊரான சான் ஹுவானிட்டோவின் மரமில்லில் ரம்பம் ஓட்டிய அவளுடைய அப்பா இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பள்ளிக்கூடத்தில் அவள் பின்னலைப் பிடித்து இழுத்த பையனுக்கு இன்றைக்கும் மூக்கு ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. பாதிரியார் கூப்பிட்டு விசாரித்தபோது, "இழுத்தான், குடுத்தேன்" என்பதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படிப்பட்டவள் எவெலியோ ரஸ்கோனைக் கட்டிக்கொண்டபோது ஊரில் பாதிப் பேர் அவளுக்காகக் கவலைப்பட்டோம், மீதிப் பேர் அவனுக்காகக் கவலைப்பட்டார்கள்.

எவெலியோ விறகு வெட்டி விற்பவன். ஊருக்கு வெளியே, ஓடைக்கு மேலே, பைன் மரங்களுக்கு நடுவே அவன் வீடு. ஆள் வாட்டசாட்டம், சிரித்தால் பார்க்கிறவர்களுக்கும் சிரிப்பு வரும். கோபம் வந்தால் கண்மண் தெரியாது. அவன் அடித்தால் அவளும் திருப்பி அடிப்பாள். விறகுக்கட்டை, வறுசட்டி, காபிக் கெட்டில் என்று எது கைக்கு வருகிறதோ அதுதான். இதைச் சந்தையில் சொல்லிச் சிரித்து, "ரெண்டும் சரிக்குச் சரி" என்று தீர்ப்புச் சொன்ன பெரிய மனிதர்கள் உண்டு. அவர்கள் யாரும் பிரிஸ்காவின் இடது காதைப் பக்கத்தில் வந்து பார்த்ததில்லை. அந்தக் காதில் அவளுக்கு இப்போது ஒன்றும் கேட்பதில்லை. எவெலியோவுக்கு நெற்றியில் ஒரு தழும்பு, அவ்வளவுதான். இதில் சரிக்குச் சரி எங்கே இருக்கிறது?

இவர்கள் சண்டைக்கு நடுவே ஒரு வண்டி இருந்தது. வட எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த எண்பத்தைந்தாம் வருடத்துப் பழைய பிக்கப். பானெட்டைத் திறந்தால் உள்ளே இன்ஜின் தெரியாது. புகையைக் குறைக்க, காற்றைச் சுற்றிவிட, ஆவியைப் பிடித்துவைக்க என்று மேலும் கீழுமாகக் கறுப்பு ரப்பர் குழாய்கள் பின்னிக் கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சின்ன கம்ப்யூட்டர் பெட்டி. விறகு ஏற்றிக்கொண்டு மேடு ஏறினால் பாதி வழியில் இரண்டு தடவை தும்மிவிட்டு நின்றுவிடும். எவெலியோ இறங்கி டயரை உதைப்பான். பிறகு வீட்டுக்கு வந்து உதைக்கக் கிடைத்ததை உதைப்பான்.

ஓர் அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை அவன் குவாடெமோக் டவுன் காயலான் கடையிலிருந்து, காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கிற ஒரு பழைய லாரி கார்புரேட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒற்றை வாய், ஒற்றைக் குழாய், கையில் பிடித்தால் கனமாக இருக்கும். அதற்கு ஏற்ற பழைய டிஸ்ட்ரிபியூட்டரும் இன்னொரு பையில் இருந்தது. துணைக்கு நபோர் வந்திருந்தான். நபோர் பிரிஸ்காவின் தம்பி, பஸ் ஷெட்டில் மெக்கானிக், அக்கா மேல் உயிரையே வைத்திருந்தவன்.

எவெலியோ கத்தியை எடுத்துக்கொண்டு பானெட்டுக்குள் தலையை விட்டான்.

"இந்தக் குழா எதுக்குடா மச்சான்?"

"பொகையக் கொறைக்க, மாமா."

"எங்க பொகைய எவன் வந்து கேட்டான்? அறு. இது?"

"அதுவும் பொகைக்குத்தான்."

"அறு. இந்தத் தடியன்?"

"அது பிரேக்குக்குப் போறது. அத அறுத்தீங்கன்னா மல எறங்கறப்ப நேரா ஏசுகிட்டயே போய் எறங்கலாம்."

"அப்ப அவன் இருக்கட்டும்," என்றான் எவெலியோ. பிரிஸ்கா உட்பட மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வாசலில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

அறுத்த குழாய்கள் வாசலில் குவிந்தன. மிச்சமிருந்த ஓட்டைகளில் போல்ட்டைச் செருகிக் கம்பியால் இறுக்கினார்கள். கம்ப்யூட்டர் பெட்டியை எவெலியோ ஓடைக்குள் வீசினான். கார்புரேட்டருக்கு அடியில் கசியாமல் இருக்கப் போட கேஸ்கெட் இல்லை. பிரிஸ்கா ஓட்ஸ் டப்பாவின் அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தாள், அது கச்சிதமாக உட்கார்ந்தது. எங்கள் மலையில் காற்று மெலிசு, அதனால் பெட்ரோலும் குறைவாகத்தான் போக வேண்டும். நபோர் உள்ளே பெட்ரோல் வருகிற ஜெட்டைக் கழற்றிச் சின்னதாக ஒன்றைப் போட்டான். மாலைக்குள் வேலை முடிந்தது. சாவியைத் திருகியதும் இன்ஜின் மாடு அசைபோடுவது போல நிதானமாக ஓடியது. விறகை ஏற்றிக்கொண்டு மேட்டில் விட்டுப் பார்த்தார்கள். நிற்காமல் ஏறியது. எவெலியோ இறங்கி வந்து நபோரின் தலையைப் பிடித்து முத்தம் கொடுத்தான். பிரிஸ்காவுக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். இனிமேல் டயர் மேல் உள்ள கோபம் தன் மேல் விழாது என்று அவள் உண்மையாகவே நம்பினாள்.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்காது. ஆனால் கழற்றுகிற ருசி எவெலியோவின் கையை விடவில்லை. கார்புரேட்டரின் வாய்க்குள் நாணயம் மாதிரி ஒரு தகடு, குளிரில் காற்றை அடைத்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிற சோக், இரண்டு சின்ன ஸ்க்ரூவில் நின்றுகொண்டிருந்தது. அவன் அதில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தான்.

"அது வேணாம் மாமா. குளிருக்கு அதான் சோக்கு."

"காத்து போற வழியில கதவு எதுக்குடா? இல்லாத சாமான் கெட்டுப்போவாது."

"அப்ப ஜனவரில எப்புடிக் கெளப்புவ?" என்று பிரிஸ்கா கேட்டாள்.

எவெலியோ தகட்டைக் கழற்றி விறகுக் குவியலுக்குப் பின்னால் எறிந்தான். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உள்ளங்கையைக் கார்புரேட்டரின் வாயில் வைத்து அழுத்தினான்.

"இதோ சோக்கு. பழசானா வேற மாத்திக்கலாம்."

நபோர் சிரிக்கவில்லை. "அக்கா கைய விடுங்க மாமா" என்றான். பிறகு அவன் என்ன சொன்னான், இவன் என்ன சொன்னான் என்பதெல்லாம் முக்கியமில்லை. எவெலியோ கையில் இருந்த பெரிய ஸ்பானர் நபோரின் வாயில் விழுந்தது. நபோர் இரத்தத்தோடு பற்களைத் துப்பினான். பிரிஸ்கா அறுத்த குழாய்களைக் கற்றையாக அள்ளி எவெலியோவின் முதுகிலும் கழுத்திலும் விளாசினாள். அவன் திரும்பி அவளை வண்டியின் மட்கார்டோடு சேர்த்து அறைந்தான்.

"என்னோட வந்துடுக்கா," என்றான் நபோர், வாயைச் சட்டையால் பொத்திக்கொண்டு. "இல்லேன்னா இந்த வாசல்ல இனி நான் கால வைக்க மாட்டேன்."

அவள் போகவில்லை. ஏன் போகவில்லை என்று பின்னால் கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சொன்ன பதில் ஒன்றுதான்: "அது என் வீடு. போறதுன்னா அவன் போகட்டும்." ரோஷம். அந்த ரோஷத்துக்கு அவள் கொடுத்த விலையை அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் அவள் வலது கையில் பார்த்தோம்.

எங்கள் ஊரில் சோக் கெட்டுப்போன வண்டிக்கு உள்ளங்கையை வைத்துக் கிளப்புவது எல்லோரும் செய்வதுதான். ஒருவன் சாவியைத் திருக, இன்னொருவன் கார்புரேட்டரின் வாயை மூடிக்கொண்டு நிற்பான். ஒரு நாள் செய்வார்கள், இரண்டு நாள் செய்வார்கள், பிறகு சோக்கைச் சரி பண்ணிவிடுவார்கள். வேண்டுமென்றே அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பெண்டாட்டியின் கையை வண்டியின் உதிரிபாகம் ஆக்கியவன் எவெலியோ ஒருவன்தான்.

தினமும் காலையில் அதே வேலைதான். ஓடை உறைந்து கிடக்கும். அவன் சாவியைப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்திருப்பான். பானெட்டுக்கு அடியில் குனிந்து அவள் உள்ளங்கையைக் கார்புரேட்டரின் வாயில் வைப்பாள். திருகியதும் இன்ஜின் கையைப் பிடித்து உள்ளே உறிஞ்சும். தோல் இழுபடும், பெட்ரோல் ஈரம் விரலிடுக்கில் ஏறும், அதன் குளிர் எலும்பு வரை போகும். இன்ஜின் பிடிக்கப் போகிறது என்பதை உறிஞ்சலின் துடிப்பிலேயே கண்டுபிடித்துக் கையைக் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். முந்தித் தூக்கினால் அணைந்துவிடும். பிந்தித் தூக்கினால் பெட்ரோலில் மூழ்கிவிடும். எது நடந்தாலும் அவன் கதவைத் திறந்துகொண்டு இறங்குவான், அவளுக்கு அடி விழும். சில நாள் இன்ஜின் திருப்பி வெடிக்கும். வாயிலிருந்து நாக்கு நீட்டுவது போலத் தீ வரும். பெட்ரோல் நனைந்த கைக்கு அது போதும். ஒருநாள் கைக்குப் பதில் கந்தல் துணியை வைத்துப் பார்த்தாள். வண்டி துணியை விழுங்கிவிட்டது. அதை வெளியே எடுக்கப் பகல் முழுக்க ஆனது, அந்தப் பகல் முழுக்க அவள் அடி வாங்கினாள்.

டிசம்பரில் அவளுக்கே போதும் என்று ஆகிவிட்டது. போகிறதென்றால் நான்தான் போக வேண்டும் போலிருக்கிறது என்று முடிவு பண்ணினாள். முதலில் நடந்து போனாள். அவன் நடையிலும் அவளைவிட வேகம். சாலையைப் பார்ப்பதற்கு முன்பே பிடித்து, தலைமுடியைக் கையில் சுற்றி, பனியில் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தான். அடுத்த தடவை அவன் சோத்தோல் சாராயம் குடித்துவிட்டு விடிந்தும் எழுந்திருக்காமல் கிடந்த ஒரு காலையில் வண்டியை எடுக்கப் பார்த்தாள். கார்புரேட்டரின் வாயில் ஒரு பலகையை வைத்துவிட்டு ஓடிப்போய்ச் சாவியைத் திருகினாள். பலகையைத் தக்க நேரத்தில் தூக்க ஆள் இல்லையே. பெட்ரோலில் மூழ்கிவிட்டது. மறுபடி, மறுபடி. நிமிர்ந்தபோது எவெலியோ கதவில் சாய்ந்து நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு அவன் அடிக்கவில்லை. சிரித்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஒன்னால தனியா எடுக்க முடியாதுடி. ரெண்டு பேர் வேணும்," என்றான். அதற்குப் பிறகு சாவியை வண்டியிலேயே தொங்கவிட்டான். காலையும் மாலையும் அந்தச் சாவியைப் பார்த்துக்கொண்டே அவள் தண்ணீர் தூக்கினாள், விறகு பிளந்தாள். அடிகூட அவளுக்கு அப்படி வலித்ததில்லை. இன்னும் ஒரே ஒரு கை இருந்தால் போதும், இந்த மலையை விட்டு இறங்கிவிடலாம். அந்த ஒரு கையை யாரிடம் போய்க் கேட்பது?

ஜனவரியில், மூன்று ராஜாக்கள் பண்டிகைக்கு மறுநாள் காலை, அவள் உள்ளங்கை கொப்புளித்துச் சீழ் வைத்திருந்தது.

"இன்னிக்கு முடியாது," என்றாள்.

"முடியும்," என்றான். மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிக் கையைக் கார்புரேட்டர் வாயில் வைத்துவிட்டுப் போய்ச் சாவியைத் திருகினான். முதல் திருகலிலேயே இன்ஜின் வெடித்தது. தீ அவள் கொப்புளத்தில் பட்டது. அலறிக்கொண்டு கையை இழுத்தாள். இன்ஜின் அணைந்தது. எவெலியோ டயர் மாற்றுகிற இரும்பை எடுத்துக்கொண்டு இறங்கினான். முதல் அடி தோளில் விழுந்தது, இரண்டாவது விலாவில். விறகுக் குவியலின் மேல் மல்லாந்து விழுந்தாள். இரும்பு மூன்றாவது தடவை அவள் தலைக்கு மேலே உயர்ந்தபோது இடது கையில் கோடரிக் காம்பு தட்டுப்பட்டது. கூர்ப் பக்கமா, மொட்டைப் பக்கமா என்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. வீசினாள்.

கூர்ப் பக்கம்தான். எவெலியோவின் தொடையில், முழங்காலுக்கு மேலே இறங்கியது. அவன் உட்கார்ந்தான். பனி அவனைச் சுற்றிச் சிவந்துகொண்டே வந்தது. முதலில் வாய்க்கு வந்தபடி ஏசினான். பிறகு இரத்தம் நிற்கவில்லை என்று தெரிந்ததும் குரல் மாறியது.

"பிரிஸ்கா. ஆஸ்பத்திரிக்கிக் கொண்டு போ. செத்துருவேன்டி."

"எப்புடிப் போறது?" என்றாள் அவள். மூச்சு வாங்கியது, விலா குத்தியது. "ரெண்டு பேர் வேணுமே."

அவன் தன் காலைப் பார்த்தான். அந்தக் காலால் பெடலை மிதிக்க முடியாது. அவனுக்கும் புரிந்துவிட்டது. அவள் துணி காயப்போடுகிற கயிற்றை அறுத்து அவன் தொடையை இறுக்கிக் கட்டினாள், எழுப்பி வண்டியின் முன்னால் சாய்த்து நிறுத்தினாள், அவன் வலது கையை எடுத்துக் கார்புரேட்டரின் வாயில் வைத்தாள்.

"துடிக்கறப்ப கொஞ்சமாத் தூக்கு. முந்தியும் தூக்காத, பிந்தியும் தூக்காத."

முதல் தடவை அவன் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டான். இரண்டாவது தடவை மூழ்கடித்தான். அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு அடிக்காகக் காத்திருந்தான். அவள் அடிக்கவில்லை. "மறுபடி வை," என்றாள். மூன்றாவது தடவை வெடித்தது. எவெலியோவின் உள்ளங்கையில் தீ பிடித்தது. அவன் போட்ட கூச்சல் ஓடைக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும், ஆனால் அங்கே ஆள் இல்லை. பனியில் கையைப் புதைத்துக்கொண்டு, "கை எரியுதுடி, என்னால முடியாதுடி" என்று அழுதான். "முடியும்," என்றாள் பிரிஸ்கா. அந்த வார்த்தையைச் சொன்னபோது அவளுக்கு உடம்பெல்லாம் இனித்தது. அதை அவள் மறைத்ததே இல்லை.

நான்காவது தடவை இன்ஜின் பிடித்துக்கொண்டது. நடுங்கியது, இருமியது, பிறகு சீராக ஓடத் தொடங்கியது.

இப்போது அவள் சீட்டில் இருந்தாள். அவன் வெளியே, திறந்த பானெட்டுக்கு முன்னால், ஒற்றைக் காலில் நின்றான். இத்தனை நாள் அவளுக்குக் குறையாக இருந்தது ஒரு கை. அந்தக் கையின் வேலை முடிந்துவிட்டது. அவள் ரிவர்ஸ் கியரைப் போட்டாள். வண்டி பின்னால் நகர்ந்ததும் சாய்ந்து நின்றவன் முகம் குப்புற விழுந்தான். எழுந்திருக்க முயன்றான், முடியவில்லை. கையை மட்டும் தூக்கிக் காட்டினான். அவள் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். போய்விடலாம். வெறுமனே போய்விடலாம்.

கடைசியில் இறங்கிப் பானெட்டைச் சாத்தினாள். அவனை இழுத்துச் சீட்டில் ஏற்றினாள். இரக்கப்பட்டுச் செய்ததாக அவளைப் பற்றி யாரும் நல்ல பெயர் சொல்ல வேண்டாம். "செத்தான்னா போலீஸ் என்னத் தேடும். உசுரோட இருந்தா அவன் மட்டுந்தான் தேடுவான்," என்றுதான் அவளே சொன்னாள்.

வழியெல்லாம் அவன் ஒரு நேரம் கெஞ்சினான், ஒரு நேரம் மிரட்டினான். மலை இறங்குகிற வளைவில், "குணமாயி வந்ததும் ஒன்ன உசுரோட புதைக்கிறேன் பாரு" என்று ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பிரிஸ்கா முழங்கையால் அவன் தொடையில், கட்டுப் போட்ட இடத்திலேயே குத்தினாள். அவன் ஒரு சத்தமும் போடாமல் மயங்கினான். அதன் பிறகு பயணம் நிம்மதியாக இருந்தது.

குவாடெமோக் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்ற குலுக்கலில் கண்ணைத் திறந்தான். ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு வருவதைப் பார்த்ததும் அவனுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது.

"வண்டிய அணைச்சிட்டு எறங்குடி."

அவள் சாவியைத் தொடவில்லை. அணைத்தால் அந்தக் குளிரில் இன்ஜின் ஆறிவிடும், மறுபடி ஒரு கை வேண்டும், அந்தக் கை அவனுடையதாகத்தான் இருக்கும். இது அவனுக்கும் தெரியும். அவன் சட்டென்று சாவியை நோக்கிக் கையை நீட்டினான், வெந்துபோன அந்த உள்ளங்கையை. அவள் அந்தக் கையைப் பிடித்து நசுக்கினாள். அவன் வாயைப் பிளந்தபோது கதவைத் திறந்து, பூட்ஸ் காலால் இடுப்பில் உதைத்து வெளியே தள்ளினாள். ஸ்ட்ரெச்சர்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவன் பிழைத்துவிட்டான், இன்றைக்கும் எங்கள் ஊரில் நொண்டிக்கொண்டு நடக்கிறான். கைத் தழும்பைக் கேட்டால் அடுப்பில் பட்டது என்கிறான். நம்புகிறவர்கள் நம்பட்டும்.

அவள் மேற்கே திரும்பினாள், கடல் பக்கம், குளிர் இல்லாத பக்கம். லா ஹுந்தாவில் பெட்ரோல் போடுகிறவன் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்ஜின அணைங்கம்மா, அணைக்காம போடக் கூடாது" என்றான்.

"அணைச்சா நீதான் கைய வைக்கணும். வைக்கிறியா?" என்று அவள் வலது கையை ஜன்னல் வழியே நீட்டிக் காட்டினாள். அவன் பார்த்தான், சதையைப் பார்த்தான். டாங்கை நிரப்பினான்.

பைன் மரங்கள் போய்க் கருவாலி மரங்கள் வந்தன, அவையும் போய்க் கள்ளிச் செடிகள் வந்தன. இரவில் ஒப்ரெகோன் ஊருக்கு வெளியே கோதுமை வயல் ஓரத்தில் வண்டியை நிறுத்தினாள். இறங்கவில்லை, அணைக்கவும் இல்லை. பயம். டயர் இரும்பைத் தலைக்கு மேலே பார்த்தபோது வராத பயம் அந்தச் சாவியைப் பார்த்தபோது வந்தது. இன்ஜினை ஓடவிட்டே சீட்டில் சாய்ந்து தூங்கினாள். விடியற்காலையில் பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் தானாகவே நின்றுவிட்டது.

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். பிறகு வயல்காரர்களிடம் கெஞ்சி ஒரு கேன் பெட்ரோல் வாங்கி ஊற்றினாள். பழக்க தோஷத்தில் பானெட்டைத் திறந்தாள், கார்புரேட்டரின் வாயைப் பார்த்தாள். திறந்தபடியே விட்டுவிட்டுப் போய்ச் சீட்டில் உட்கார்ந்தாள். பெடலை மிதித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு சாவியைத் திருகினாள். பெட்ரோல் மேலே ஏறும்வரை இன்ஜின் சுற்றியது, பிறகு பிடித்துக்கொண்டது. வெதுவெதுப்பான காற்று. அங்கே அதற்கு யார் கையும் தேவைப்படவில்லை.

அவள் அணைத்தாள். மறுபடி திருகினாள். பிடித்தது. அணைத்தாள், திருகினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. மண்வெட்டியோடு வந்த ஒரு வயல்காரன் ஜன்னலருகே நின்று எட்டிப் பார்த்தான்.

"என்னம்மா, வண்டில ஏதும் கோளாறா?"

"இல்லண்ணே, நல்லாத்தான் ஓடுது," என்றாள் பிரிஸ்கா. சொல்லிவிட்டு மறுபடியும் அணைத்தாள், மறுபடியும் திருகினாள்.